இடுப்பில் மெட்டல் உள்ளவரின் சிபிசிடி படத்தில் கோடும் வளையமும்: எதை எப்படிக் குறைக்கலாம்?

தம்பிலுவில் பிள்ளை:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. ஊர் தம்பிலுவில். வேலை செய்யும் இடத்தைச் சொல்லவில்லை, கேள்விக்கு அது தேவையும் இல்லை. மூன்று கிழமையாக ஒரே ஒருவரின் படம் என்னை நிம்மதியாகப் படுக்க விடுவதில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன்.

அவர் 71 வயது ஐயா. வெள்ளாமைக்காரர். புரொஸ்டேட் புற்றுநோய். ஒன்பது வருசத்துக்கு முன் வரம்பில் வழுக்கி விழுந்து வலது இடுப்பு முறிந்ததில் செயற்கை மூட்டு போட்டிருக்கிறார்கள். கிழமைக்கு ஐந்து நாள் கரண்ட் பிடிக்க வருகிறார். (கதிர்ச் சிகிச்சை என்று எங்கள் பக்கம் யார் சொல்கிறார்கள், கரண்ட் பிடிக்கிறது என்றுதான் பேச்சு.) பொத்துவில் பக்கமிருந்து விடியப்புறம் முதல் பஸ் ஏறி, மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பையோடு எட்டு மணிக்கெல்லாம் வாசலில் நிற்பார்.

ஒவ்வொரு நாளும் கதிர் கொடுக்க முன்னர் லினாக்கிலேயே (கதிர் கொடுக்கும் மெஷின்) சிபிசிடி (அந்த மெஷினின் கை ஆளைச் சுற்றி வந்து எடுக்கும் சிடி படம்) எடுத்து, அதைத் திட்டத்துக்கு எடுத்த சிடியின் மேல் வைத்துப் பார்த்து, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திய பிறகுதான் தொடங்குவோம். இவருடைய படத்தில் எல்லாக் கோளாறும் ஒன்றாக வருகிறது. மெட்டல் மூட்டிலிருந்து வெள்ளையும் கறுப்புமாக நட்சத்திரம் போலக் கோடுகள், அங்கிருந்து மற்ற இடுப்பு எலும்பு வரை ஒரு கறுப்புப் பட்டை. மலக்குடலைச் சுற்றி விசிறி போலத் தெறிக்கும் கோடுகள், அவை சில நாள் இருக்கும், சில நாள் இல்லை. இவை போதாதென்று படத்தின் நடுவைச் சுற்றி மெல்லிய வளையங்கள்.

கேட்டால் எல்லாவற்றுக்கும் மெட்டல்தான் காரணம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நேற்று புரொஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள எல்லையை நான் ஓர் இடத்தில் வைத்தேன். பக்கத்தில் நின்ற அக்கா 4 மில்லிமீட்டர் தள்ளி வைத்தார். இரண்டு பேரும் கவனமாகப் பார்த்துத்தான் வைத்தோம். கடைசியில் டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் தொடங்கினோம். அவ்வளவு நேரமும் ஐயா நிறைந்த சலப்பையோடு மேசையில் அசையாமல் கிடந்தார், ஒரு வார்த்தை முறைப்பாடு இல்லை. அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இதில் எது மெட்டல், எது வேறு? எதை எங்களால் குறைக்க முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

களுவாஞ்சிகுடி அண்ணன்:

தங்கச்சி, 4 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டதும் டொக்டரைக் கூப்பிட்டீர்களே, அது சரியான வேலை. அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

நான் 26 வருசம் இந்த வேலையில் நின்றவன். கோபால்ட் மெஷினில் தொடங்கியவன். அந்தக் காலத்தில் தோலில் மையால் போட்ட கோடுதான் எங்களுக்கு வழி. அது அழிந்துவிடுமே என்று குளிக்கப் பயந்த ஆட்களைக் கண்டிருக்கிறேன். இப்போது உள்ளே பார்த்துக் கதிர் கொடுக்க முடிகிறது, ஆனால் பார்ப்பதெல்லாம் உண்மை என்று நம்பிவிடவும் கூடாது.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் மாறுகிற கோளாறு ஆளின் உள்ளே அசைகிற ஏதோ ஒன்றால் வருகிறது. ஒவ்வொரு நாளும் அதே ஆளோடு அதே இடத்தில் வந்தால் மெட்டல். ஆளே மாறியும் போகாமல் நின்றால் மெஷின். உங்கள் மூன்று கோளாற்றையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

வளையத்தையும் மெட்டலையும் பௌதிகம் படித்தவர்கள் வந்து சொல்லட்டும். மலக்குடலைச் சுற்றித் தெறிக்கும் கோட்டை நான் சொல்கிறேன், அது வாயு. சாதாரண சிடி மெஷின் ஒரு சுற்றை ஒரு செக்கனுக்குள் முடித்துவிடும். லினாக்கின் கை அந்த வேகத்தில் சுற்றாது, முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுக்கும். அந்த ஒரு நிமிடத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்து, அத்தனையையும் ஒன்றாக்கித்தான் கம்பியூட்டர் உங்களுக்கு ஒரு வெட்டைக் காட்டுகிறது. சுற்று தொடங்கும்போது குமிழி ஓர் இடத்தில், முடியும்போது இன்னோர் இடத்தில் என்றால் முதல் படங்களும் கடைசிப் படங்களும் ஒன்றோடொன்று பொருந்தாது. மருதமுனைத் தறியில் நெய்யும்போது பாவு பாதியில் இழுபட்டுப் போனால், அந்த இடத்தோடு நிற்காமல் அதற்குப் பிறகு நெய்த துணி முழுக்க அந்தக் கோடு வருமே, அதே சங்கதிதான். குமிழி சின்னது, கோடு படம் முழுக்க.

கம்பியூட்டர் இதைத் திருத்தித் தரும் என்று காத்திருக்க வேண்டாம். ஐயாவின் சாப்பாட்டுப் பையைக் கேட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர் ஒவ்வொரு இரவும் பலாக்கொட்டைக் கறி சாப்பிட்டுவிட்டு வருவார். நாங்கள் இரண்டு கிழமையாக மெஷினைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். கௌப்பி, கடலை, கோவா, சோடா எல்லாமே வாயுதான். பஸ்ஸில் அவசரமாக விழுங்குவதாலும் காற்று உள்ளே போகும். வந்தவுடனே மேசையில் ஏற்றாதீர்கள். பத்து நிமிடம் நடக்கட்டும், கழிவறைக்குப் போய் வரட்டும், அதற்குப் பிறகு அளந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் காத்திருக்கட்டும். மலம் இறுகியிருந்தால் டொக்டரிடம் சொல்லி மருந்து எடுத்துக் கொடுங்கள், நீங்களாக ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. முதல் ஸ்கானில் பெரிய வாயு தெரிந்தால் உடனே இரண்டாவது, மூன்றாவது என்று அடிக்காதீர்கள். அந்தப் படமும் எக்ஸ்-கதிர்தான், அதுவும் அவருடைய இடுப்பில்தான் போய்ச் சேர்கிறது. மேசையிலிருந்து இறக்கிக் கழிவறைக்கு அனுப்பிவிட்டு மறுபடி ஒரு தடவை எடுங்கள்.

---

வாவிக்கரை பௌதிகம்:

அண்ணன் சொன்ன கணக்கு சரியானது. அதையே பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் சொல்கிறேன். நான் மருத்துவ பௌதிகவியலாளர், பிறந்தது கல்லடியில்.

முதலில் வளையம். அதை மெட்டல் உண்டாக்காது. குயவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு ஆணியை அசையாமல் பிடித்தால் மண்ணில் வட்டம் விழும் அல்லவா? கதிரைப் பிடிக்கும் டிடெக்டர் தட்டில் ஒரு புள்ளி கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ கணக்குக் காட்டினால் அதுதான் அந்த ஆணி. கை சுற்றச் சுற்ற, அந்தப் புள்ளி எப்போதும் நடுவிலிருந்து ஒரே தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் படத்தில் வட்டமாக வரும். இதைச் சோதிக்க ஆள் தேவையில்லை. மாலையில் நோயாளர்கள் போன பிறகு ஃபான்டமை (ஆளுக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருள்) வைத்து ஒரு ஸ்கான், அதைப் பக்கவாட்டில் 2 சென்டிமீட்டர் நகர்த்தி இன்னொரு ஸ்கான். ஃபான்டம் நகர்ந்தும் வளையம் படத்தின் நடுவிலேயே நின்றால் டிடெக்டர்தான். கதிரே இல்லாமல் எடுக்கும் இருள் அளவீடு, நடுவில் எந்தப் பொருளும் இல்லாமல் கதிர் அடித்து எடுக்கும் ஃப்ளட் அளவீடு, இரண்டும் கடைசியாக எப்போது எடுத்தது என்று உங்கள் பௌதிகவியலாளரிடம் கேளுங்கள். அண்மையில் அறையின் ஏசி நின்றதா என்றும் பாருங்கள். தட்டு சூடானால் அதன் இருள் அளவு மாறும், மட்டக்களப்பு வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. வளையத்துக்குப் பதிலாகப் பிறை வடிவில் நிழல் வந்தால் சந்தேகம் போ-டை பில்டர் மேல், கதிர் வரும் வழியில் வைக்கும் வடிகட்டி அது. கை சுற்றும்போது அது மிகக் கொஞ்சம் ஆடினாலும் அப்படி வரும்.

நீங்கள் எழுதாத ஒன்றும் அந்தப் படத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்: நடுப்பகுதி முழுக்கக் கிண்ணம் போல இருண்டு, எல்லைகள் மங்கியிருக்கும். அது சிதறல், அதாவது உடம்பில் பட்டுத் திசைமாறி வரும் கதிர். மார்கழி விடியலில் வாவியின் மேல் பனிமூட்டம் கிடக்கும்போது டோர்ச் அடித்துப் பாருங்கள். அக்கரைத் தோணி தெரியாது, மூட்டம்தான் வெள்ளையாகத் தெரியும். இடுப்பு போன்ற தடித்த பகுதியில் நேராக வரும் கதிரை விடச் சிதறி வரும் கதிர் கூடுதலாகவே தட்டில் விழலாம். சாதாரண சிடியில் கதிர் மெல்லிய விசிறியாகப் போவதால் இந்தத் தொல்லை குறைவு, சிபிசிடியில் அகன்ற கூம்பாகப் போகிறது. சிதறலைத் தடுக்கத்தான் டிடெக்டர் முன்னால் கிரிட் இருக்கிறது. ஓரத்தில் கதிரைக் குறைத்து நடுவில் விட்டுக்கொடுக்கத்தான் போ-டை பில்டர். இவற்றை விட எளிய வழி ஒன்று உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை: கதிரின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் பிளேடுகளில் தலை-கால் பக்கத்தவற்றை மூடுங்கள். புரொஸ்டேட்டும் அதன் சுற்றமும் அடங்கும் நீளம் போதும். கூம்பு ஒடுங்கினால் சிதறலும் குறையும், அவருக்குப் போகும் கதிரும் குறையும். ஆனால் இது புரொட்டோகோல் மாற்றம், நீங்களாகச் செய்யாமல் உங்கள் பௌதிகவியலாளரோடு இருந்து செய்யுங்கள்.

இனி மெட்டல். படம் எடுக்கும் கதிரின் சக்தி கிலோவோல்ட் கணக்கில்தான். அந்தச் சக்தியில் அணு எண் கூடக் கூட உறிஞ்சல் மிக வேகமாக ஏறும், ஏறக்குறைய அணு எண்ணின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப. மென்கதிர்கள் மூட்டிலேயே நின்றுவிடும், வன்கதிர் மட்டும் கடந்து வரும், சில கோணங்களில் ஒன்றுமே வராது. படத்தைக் கட்டும் கணிப்பு, அதாவது 1984இல் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் தந்த முறை, ஒவ்வொரு எண்ணையும் ஒரே நம்பிக்கையோடு எடுத்துக்கொள்கிறது. வெறும் இரைச்சலையும் அது உண்மை என்றே பரப்புகிறது. நீங்கள் பார்க்கும் நட்சத்திரம் அதுதான். கறுப்புப் பட்டையும் மெட்டலுக்கும் எதிர்ப்பக்க எலும்புக்கும் இடையில் கதிர் பட்டினி கிடந்த பாதை.

அந்தக் கறுப்புக்குள் எல்லை தேடாதீர்கள். அங்கே இருப்பது இழையம் இல்லை, கணிப்பின் பிழை.

திட்டத்துக்கு எடுத்த சிடியில்தான் மெட்டலைக் கூடக் கவனிக்க வேண்டும், அதில்தான் கதிரளவு கணக்கிடப்படுகிறது. சிடியில் ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைத் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000 என்று சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு, சாதாரண 12 பிட் படத்தில் 3071இல் முட்டி நின்றுவிடும். டைட்டேனியமும் கோபால்ட்-குரோமும் அங்கே ஒரே வெள்ளை. ஆனால் டைட்டேனியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 8 கிராம், கோபால்ட்-குரோம் அதற்கும் கொஞ்சம் மேல். கம்பியூட்டருக்கு வித்தியாசம் தெரியாது, நாங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஐயாவின் அறுவைச் சிகிச்சைக் கடதாசி வேண்டும். மெட்டல் கோடு குறைக்கும் மென்பொருள் இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் திருத்தாத படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மென்பொருள் செய்வது, மெட்டல் மறைத்த எண்களை எடுத்துவிட்டு அக்கம்பக்கத்து எண்களால் இட்டு நிரப்புவது. 1987இல் காலெண்டர் காட்டிய வழியிலிருந்து வளர்ந்து வந்தது. இட்டு நிரப்பிய இடத்தில் இல்லாத நிழலும் வரலாம். மீதிக் கோடுகள் விழுந்த மென்மையான இடங்களுக்குத் தண்ணீரின் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணைக் கையால் கொடுக்கலாம். கதிர் மெட்டலுக்குள்ளால் நுழையாதபடி கோணங்களை அமைப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கத்தின் 63ஆம் செயற்குழு 2003இல் தந்த அறிக்கையும் இதைத்தான் முதலில் சொல்கிறது.

தினசரிப் படத்துக்கு ஒரு சின்ன யோசனை. அந்தக் கோடுகள் பெரும்பாலும் குறுக்குவெட்டுத் தளத்திலேயே ஓடும். பக்கவாட்டு வெட்டுக்கு மாறி, மூட்டின் பந்துக்குக் கீழே உள்ள மட்டத்திலிருந்து எல்லையைப் பிடித்துக்கொண்டு மேலே வாருங்கள். புரொஸ்டேட்டுக்குள் அடையாளத்துக்குத் தங்க விதை வைத்திருந்தால் அதையே நம்புங்கள்.

---

கல்முனை ராத்தா:

மகள், நான் இந்தத் துறை இல்லை. கடதாசி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல இருந்தது.

எங்கள் வாப்பாவுக்கு ஆறு வருசத்துக்கு முன் கன்னத்தில் புற்றுநோய் வந்தது. நாற்பது வருசம் வெற்றிலை போட்டவர். கரண்ட் பிடிக்க முன்னர் முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி செய்து ஸ்கான் எடுத்தார்கள். வெளியே வந்த பிள்ளை என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினா. வாயே தெரியவில்லை. வெயிலில் தகரத்தைப் பார்த்தால் கண் கூசுமே, அப்படிக் கோடு கோடாக. "வாப்பாவின் பல்லில் என்ன அடைத்திருக்கு ராத்தா?" என்று கேட்டா. எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பல் அடைத்தது 2004இல் கடல் வருவதற்கு முந்தி. கடலுக்குப் பிறகு எங்கள் வீதியில் பழைய கடதாசி இருக்கிற வீடு ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளை விடவில்லை. பல் டொக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னா. அவர் பார்த்து, வெள்ளி அடைப்பு மூன்று, அதில் இரண்டு பல் எப்படியும் கழற்ற வேண்டியவை என்று கழற்றினார். புண் ஆறிய பிறகு மறுபடி ஸ்கான் எடுத்தார்கள். மிச்சமிருந்த ஒரு பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைக்க மெல்லிய உறை ஒன்றும் செய்து கொடுத்தார்கள். வாப்பா இப்போது கஞ்சி குடிக்கிறார், தொழப் போகிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான், உடம்புக்குள்ளே மெட்டல் இருக்கா என்று எங்களிடம் கேட்டால் ஆட்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். மெட்டல் என்றால் ஆணி, தகடு என்று நினைப்பார்கள். பல் அடைப்பு, இடுப்புப் பந்து, நெஞ்சுக்குள் வைத்த பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மகன்மாரிடம் கேட்பதை விட வீட்டுப் பொம்பிளைகளிடம் கேளுங்கள், எந்தப் பெட்டிக்குள் என்ன கடதாசி கிடக்கிறது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

---

வாவிக்கரை பௌதிகம்:

ராத்தா, அந்த உறையைப் பற்றி ஒரு வார்த்தை. கதிர் வெள்ளி அடைப்பில் பட்டுத் திரும்பும் இலத்திரன்கள் பக்கத்துத் தோலைச் சுடும். அவை சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது, அதனால் மெல்லிய உறையே தடுத்துவிடும். வாப்பாவுக்கு அதைச் செய்து கொடுத்தவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.

---

தம்பிலுவில் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

வளையம்: வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் பௌதிகவியலாளரோடு நின்று ஃபான்டமை ஸ்கான் பண்ணினோம். 2 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி மறுபடி எடுத்தோம். ஃபான்டம் நகர்ந்திருந்தது, வளையம் அசையவில்லை. பிறகு மற்ற நோயாளர்களின் பழைய படங்களைத் திறந்து பார்த்தால் எல்லாரிலும் அதே வளையம், அதே இடத்தில். மெல்லியதாக இருந்ததால் யாருடைய கண்ணுக்கும் படவில்லை. ஐயாவின் படத்தில் ஏற்கெனவே இவ்வளவு கோடு இருந்ததால்தான் நான் உற்றுப் பார்த்திருக்கிறேன். ஃப்ளட் அளவீடு பழையது, இடையில் ஏசி இரண்டு நாள் நின்றும் இருக்கிறது. புதிதாக எடுத்தார்கள். அடுத்த நாள் காலை முதல் நோயாளரின் படத்தைத் திறந்தபோது நான் முதலில் பார்த்தது நடுப்பகுதியைத்தான். சுத்தமாக இருந்தது.

வாயு: அண்ணன், நான் பையைக் கேட்டேன். ஐயா வெட்கப்பட்டார், பிறகு திறந்து காட்டினார். வாழையிலையில் கட்டிய அவித்த கௌப்பி, தேங்காய்ப்பூ போட்டது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தல். நாங்கள் குடிக்கச் சொன்ன தண்ணீர் அது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மூடியைத் திறந்தபோது "ஸ்" என்று சத்தம் வந்தது, அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி ஏறியது. வெறும் தண்ணீர் அவ்வளவு குடித்தால் ஓங்காளிக்கிறது, அதனால் பாதி சோடா கலந்து கொண்டு வருகிறேன், மகள் என்றார். அளந்த அளவு தண்ணீர் என்று மட்டும்தான் நாங்கள் சொல்லியிருந்தோம். சோடா கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவர் எப்படி அறிவார்?

இப்போது இடியப்பமும் சொதியும் வருகிறது, ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் வருகிறது. வந்தவுடன் வாசலிலிருந்து வேப்பமரம் வரை நடக்கிறார். கடைசி எட்டு ஸ்கானில் ஒன்றில்தான் பெரிய வாயு இருந்தது. அன்றைக்கு இறக்கி அனுப்பிவிட்டு மறுபடி எடுத்தோம்.

மெட்டல்: ராத்தா சொன்னபடி மகனை விட்டுவிட்டு அம்மாவிடம் போனில் கேட்டேன். அலுமாரியில் நெல் விற்ற துண்டுகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாராம், அடுத்த நாளே பையில் போட்டு அனுப்பினார். தண்டு டைட்டேனியம், பந்து கோபால்ட்-குரோம். திட்டத்தில் இரண்டுக்கும் ஒரே அடர்த்திதான் கொடுத்திருந்தார்கள். திருத்திக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கதிர்கள் அந்தப் பக்கத்தைத் தவிர்த்தே அமைக்கப்பட்டிருந்ததால் மாற்றம் மிகச் சிறிது, டொக்டர் பார்த்து அப்படியே தொடரச் சொன்னார்.

பிளேடுகளையும் இடுப்புக்கென்று தனிப் புரொட்டோகோலில் குறைத்திருக்கிறார்கள். நடு இருட்டு முழுக்கப் போகவில்லை, ஆனால் மலக்குடலின் முன்சுவர் இப்போது ஒரு கோடாகத் தெரிகிறது. நட்சத்திரம் அப்படியேதான் இருக்கிறது, கறுப்புப் பட்டையும் இருக்கிறது. நான் அதற்குள் ஒன்றும் தேடுவதில்லை. பக்கவாட்டு வெட்டில் கீழிருந்து மேலே வருகிறேன். நேற்று அக்காவும் நானும் ஒருவர் வைத்ததை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக எல்லையை வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் 1 மில்லிமீட்டர்.

ஐயாவுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது.